ராத்திரி வேலைக்குப் போன மகன்

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்த மூன்று பேரையும் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மாமனார் பெயிண்டர். மாமியார் வீட்டோடு இருக்கிறவள். மருமகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். இந்த மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்த முடிச்சாக ஒருவன் இருந்தான். அவர்களுக்கு ஒரே மகன், அவளுக்குப் புருஷன். வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி வீடு சேர விடவில்லை.

அப்புறம் அந்த ஊரில் மூவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மருமகளுக்கு இங்கே வேலை கிடைத்தது. "நீங்களும் வாங்க" என்றாள். பாத்திரத்தையும் பாயையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாமனார் தன் பிரஷ்களை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். இங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். கேட்டால், "பெயிண்ட் வாசனை ஒத்துக்கல" என்பார். முடி நரைக்கும்வரை ஒத்துக்கொண்ட வாசனைதான்.

*

வெள்ளிக்கிழமை காலையில் தையல்கார அக்கா கதவுக்கு வெளியே நின்று இருமினாள். சொந்த வீட்டில் சொந்த அறைக்கு முன்னால் இருமிவிட்டு நிற்கிற நல்ல மனுஷி. சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவள். வீடு கிடைக்கும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று பின்அறையை விட்டுக் கொடுத்தவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை என் பொண்ணும் மாப்பிள்ளையும் குழந்தைங்களோட வந்துடுவாங்க. இருக்கிறது இந்த ஒரு ரூம்தான்..."

"நீங்க சொல்லவே வேண்டாம் அக்கா" என்றாள் மருமகள், தலையில் பாதி சீப்போடு. "அதுக்குள்ள நாங்க போயிடுவோம்."

எங்கே என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல இடம் இருந்திருக்காது.

அக்கா போனதும் மாமியார் தையல் மிஷினை முறைத்தாள். அறையில் பாதியை அதுதான் பிடித்திருந்தது. ராத்திரியெல்லாம் அதன் மிதிப்பலகைக்குக் கீழேதான் அவளுக்குக் கால் நீட்ட இடம்.

"இந்த இரும்புக்கு இருக்கிற இடம் எனக்கு இல்ல இந்த ஊர்ல."

"அது சம்பாதிக்குது, நீ சம்பாதிக்கிறியா?" என்றார் மாமனார்.

"ஆமா, நீங்க தூக்குற மூட்டையிலதான் மாளிகை கட்டப் போறோம்."

மருமகள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். இந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவரை அவளுக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

வீடு பார்க்காமல் இல்லை. முதலில் பார்த்த வீட்டில் தண்ணீர் வரவில்லை. அடுத்ததில் வெளிச்சம் வரவில்லை. அதற்கப்புறம் பார்த்த வீடுகளில் எல்லாம் இருந்தது, இவர்களிடம்தான் ஒன்று இல்லை.

"வீட்ல பையன் யாரும் இல்லையா?" என்பார்கள். இல்லை என்றதும் முகம் மாறும். "வயசானவங்க ரெண்டு பேர், ஒரு சின்ன வயசுப் பொண்ணு. ஏதாவது ஒண்ணுன்னா யாருங்க வந்து நிப்பா?" என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இரக்கப்படுகிறவர்கள் சாத்துகிற கதவில் சத்தமே வராது.

அவள் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தரகர் வந்து நின்றார். எதைக் கேட்டாலும் "நாளைக்குக் கண்டிப்பா" என்று சொல்கிறவர். அதனால் மாமியார் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர் வைத்திருந்தாள்.

"என்னங்க, நாளைக்கு இன்னைக்கே வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

தரகருக்குப் புரியவில்லை. புரிந்தாலும் கோபப்பட வயிறு விடாது அவரை. "ஒரு மாடி வீடு இருக்கு. கீழ வீட்டுக்காரம்மா மட்டும்தான், தனியா. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஆனா ஆள் பாத்துத்தான் குடுப்பாங்க. நானே நாலஞ்சு குடும்பத்தைக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேச்சைப் பாத்துப் பேசுங்க."

"நாங்க என்ன பாத்துப் பேசாதவங்களா?" என்றாள் மாமியார்.

*

வீடு பிடித்துவிட்டது. வாசற்படி ஏறும்போதே பிடித்துவிட்டது. அதுதான் வினை.

இரண்டு அறை, சமையலறை, துணி காயப்போட ஒரு மொட்டை இடம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் வானமும் தெரிந்தன. குழாயைத் திருகியதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. மாமியார் அதற்குள் கையை நீட்டி, மூடாமல், கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

முன் அறைச் சுவர்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்திருப்பார்கள் போல. தலை உயரத்துக்கு வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. பெரிய வட்டம், சின்ன வட்டம், அதைவிடச் சின்ன வட்டம். ஒரு குடும்பமே சுவரில் இருந்தது.

"அடிச்சுத் தரேன்னு ஒரு ஆள் சொன்னான். பெயிண்ட், ரோலர் எல்லாம் வாங்கி வச்சுட்டேன். ஆளைக் காணோம்" என்றார் வீட்டுக்காரம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருவரையும் பார்த்தார். "சரி, எத்தனை பேர் இருப்பீங்க?"

"நாலு பேர்" என்றாள் மாமியார்.

யோசித்துச் சொன்னதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதும், தட்டு எடுத்து வைக்கும்போதும், பாய் விரிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டது.

மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர்னா?"

"நாங்க ரெண்டு பேர். மகன், மருமகள்."

"மகன் என்ன பண்றார்?"

திருத்துவதற்கு அப்போது ஒரு நொடி இருந்தது. "வேலைக்குப் போறான். ராத்திரி வேலை."

வீட்டுக்காரம்மாவின் முகம் தளர்ந்தது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "நல்லதாப் போச்சு. ராத்திரி வேலைன்னா பகல்ல வீட்ல இருப்பார்ல? அது போதும். இந்தத் தெருவுல திருடன்கூடப் பகல்லதான் வர்றான், நைட்ல அவனுக்கே பயம்." தானே சிரித்துக்கொண்டார். "ஒரு பையன் மாடியில இருக்கான்னு தெரிஞ்சா எனக்கும் தைரியம்."

தரகர் மாமனாரைப் பார்த்தார். அவருக்கு உண்மை தெரியும். ஆனால் காலையிலிருந்து இதுதான் முதல் நல்ல வார்த்தை. அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். போன் அடிக்கவேயில்லை.

வீட்டுக்காரம்மா சாவியைத் தேடக் கீழே போனதும் மாமனார் மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

"என்ன சொன்ன நீ?"

"வாயில வந்துருச்சு."

"வந்தா? இல்லன்னு சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? இருக்கான்னு சொல்லிட்டு அடுத்த மூச்சுல இல்லன்னு சொல்லவா? என்னால ஆகாதுங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தம்மா முகத்தைப் பாத்தீங்களா? அவன் இருக்கான்னதும் எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. ஒரு நாளைக்காவது இருந்துட்டுப் போகட்டுமே அவன்."

மாமனார் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தையல் மிஷினுக்கு அடியில் நீட்டிய கால் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்தபோது அவர் சொன்னது வேறு. "ஆளுக்கு நீங்க அலைய வேண்டாம்மா. நான் பெயிண்டர்தான். இன்னைக்கே இந்தச் சுவரை முடிச்சுக் குடுத்துடறேன்."

தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பொய்க்கு ஈடாக எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

*

சலவைக்கூடத்தில் விரிப்பை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாள் முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி நோக்கி நடந்துகொண்டே இருப்பார்கள். நீராவியில் இருவர் முகமும் சரியாகத் தெரியாது.

மத்தியானம் மேஸ்திரி வந்து, "உனக்குப் போன்" என்றார்.

"வீடு கிடைச்சிருச்சுடி!" என்றாள் மாமியார். கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல இருந்தது. "தண்ணி கொட்டுது! வேலை முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு. மாமா பெயிண்ட் அடிக்கிறார்!"

"யாரு? மாமாவா?"

"அவர்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கார். மேலெல்லாம் தூசி. வந்து பாரு."

மருமகள் போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள். எதிர் முனையில் இருந்தவள் கேட்டாள்: "என்ன, அழுறியா?"

"நீராவி" என்றாள்.

நல்ல செய்தி வந்து ரொம்ப நாளாகிவிட்டது. அதனால்தான் அதை நம்பிவிட்டாள். கடைசி விரிப்பை மடிக்கும்போது ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

சாயங்காலம் கேட்டைத் திறந்தபோது வீட்டுக்காரம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் மருமகளா? வாம்மா, வா. உன் மாமியார் உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்க, அவர் வரலையா? வேலைக்குக் கிளம்பிட்டாரா?"

"யாரும்மா?"

"யாரா? உன் வீட்டுக்காரர்தான். ராத்திரி வேலைன்னாங்களே."

மருமகளின் கை கேட்டின் கொக்கியிலேயே இருந்தது. மாடியில் ரோலர் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மாமியாரின் குரலில் இருந்த அந்தச் சந்தோஷம், யாரும் தராத வீடு இவர்களுக்கு மட்டும் கிடைத்தது, எல்லாம்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஆள் எப்படி? சத்தம் போடுற ஆளா? இப்பவே சொல்லிடு, எனக்குப் பிரஷர்" என்றார் வீட்டுக்காரம்மா.

"இல்லம்மா" என்றாள் மருமகள். "சத்தமே வராது. கதவைச் சாத்துறதுகூட, கையை இடுக்குல வச்சு மெதுவாத்தான் சாத்துவார். ஒரு தடவை விரல் நசுங்கிடுச்சு, அப்பவும் கத்தல."

"அட!"

"பாட்டு மட்டும் பாடுவார். குளிக்கும்போது. சுருதியே சேராது."

"பாடட்டும், பாடட்டும். என்ன பாட்டு?"

"ஒரே வரிதாம்மா. அதுக்கு அடுத்த வரி அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வரியிலயே குளிச்சு முடிச்சுட்டு வந்துடுவார்."

வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மருமகளும் சிரித்தாள். அவன் போனதிலிருந்து அவனைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எப்படி ஆச்சு, எந்த இடத்தில், லாரிக்காரன் நின்றானா, இன்சூரன்ஸ் உண்டா. அவன் எப்படிப்பட்ட ஆள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த அம்மாதான் முதலில் கேட்கிறார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். சாப்பிடும்போது கடைசி வாயை எப்போதும் அவளுக்குக் கொடுப்பது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்புவது. இடதுகைப் பழக்கம், அதற்காகச் சின்ன வயதில் வாங்கின அடி. வீட்டுக்காரம்மா இடையிடையே "என் அண்ணனும் அப்படித்தான்" என்றார்.

மாடிப்படியில் கால் வைத்தபோதும் உதட்டில் சிரிப்பு மிச்சம் இருந்தது. நாலு படி ஏறியிருப்பாள். அவருக்குச் சாப்பாடு கட்டி வைக்க வேண்டுமே, ராத்திரி முழுக்க நிற்கிற வேலையாயிற்றே என்று நினைத்தாள்.

நினைத்தது தெரிந்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

எழுந்து மேலே வந்தபோது மாமனார் சுவருக்கு முன்னால் ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். சுவர் பாதி வெள்ளையாக இருந்தது. இடது ஓரத்திலிருந்து சரியாக நடுவரை. அதற்கு அப்பால் எண்ணெய்க் கறைகள் அப்படியே இருந்தன.

அப்பாவும் மகனும் சேர்ந்து சுவர் அடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா இடது கோடியில் தொடங்குவார். இடதுகைக்காரன் வலது கோடியில் தொடங்குவான். இருவரும் எதிரும் புதிருமாக நகர்ந்து வந்து நடுவில் முட்டிக்கொள்வார்கள். முட்டும்போது மகன் அப்பாவின் கையில் பிரஷால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவான். வளர்ந்த ஆள், கல்யாணமான ஆள், அப்படி ஓடுவான்.

மாமனார் நடுவரை வந்து நின்றுவிட்டார். எதிரிலிருந்து வரவேண்டியவனுக்காக அவருடைய கை காத்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா!" உள் அறையிலிருந்து மாமியார் துடைப்பத்தோடு வந்தாள். முகத்தில் ஒட்டடை. "பாத்தியா வீட்டை? இங்க உங்க ரெண்டு பேருக்கும் கட்டில். வெளிச்சம் கண்ணுல படாது, பகல்ல தூங்குறதுக்கு..."

"அத்தை."

மாமியார் நிறுத்திக்கொண்டாள்.

"யாருக்கு அத்தை கட்டில்?"

மாமியார் துடைப்பத்தின் காம்பைத் தரையில் தட்டிச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடி தட்டினாள்.

"ஒரு வீடு கிடைக்கிறதுக்காகச் சொன்னதும்மா" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடியே. "உள்ள வந்துட்டா, கொஞ்ச நாள் கழிச்சு மெதுவா..."

"மெதுவா என்ன மாமா சொல்லுவோம்? எந்த மாசம் சொல்லுவோம்?"

"வெளியூர் போயிருக்கான்னு..."

"அப்புறம்?"

மாமனார் ரோலரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நான் கோபமா இல்ல" என்றாள் மருமகள். "கீழ அந்தம்மா கேட்டாங்க. நானும் சொன்னேன். உங்களைவிட அதிகமா சொன்னேன். அவர் பாடுறதை, சாப்பிடுறதை, எல்லாத்தையும். அவ்வளவு நல்லா இருந்துச்சு அத்தை. படியேறும்போது அவருக்குச் சாப்பாடு கட்டணும்னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன். இந்த வீட்ல இருந்தா நான் தினமும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, வேலையில இருந்து வர்ற மனுஷனுக்குக் கதவைத் திறந்து வச்சுட்டு நிப்பேன். அது எனக்கு ஆகாது. பைத்தியம் பிடிச்சிடும்."

"நின்னா என்னடி?" என்றாள் மாமியார். "நான் நிக்கலையா? இன்னைக்கும் சைக்கிள் பெல் கேட்டா நான் எந்திரிக்கலையா?"

"அதான் வேண்டாம்னு சொல்றேன்."

"உனக்கென்ன. வயசு இருக்கு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கதவைத் தட்டுவான், நீ திறப்ப. என் மகன் எந்தக் கதவைத் தட்டுவான்?"

"வாயை மூடு" என்றார் மாமனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள்.

"எங்க அண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி எடுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்தினான், அவர் காரியம் முடிஞ்ச அன்னைக்கு. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. நான் ஏறல." அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு படியை நோக்கி நடந்தாள். மாமியார் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது.

"சொல்லாதடி. வீடு போனாப் போகட்டும், எங்கயாவது படுத்துக்கலாம். ஆனா சொல்லாத. அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது."

"நீங்க கேக்க வேண்டாம் அத்தை. இங்கயே இருங்க."

மருமகள் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, வலிக்காமல் பிரித்தாள். கீழே போனாள்.

*

மேலே இருந்த இரண்டு பேருக்கும் பேச்சுக் குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. மருமகளின் குரல் நீளமாகப் போயிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் வீட்டுக்காரம்மா கேட்ட ஒரே ஒரு சொல் மட்டும் படியேறி வந்தது.

"எப்போ?"

மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கழுவின தரையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

மாமனார் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நடுவில், நிறுத்தின இடத்தில், விரலில் பெயிண்ட் ஒட்டவில்லை.

"ஓரம் காஞ்சிருச்சு" என்றார்.

மனைவி காதிலிருந்து கையை எடுத்தாள். "என்ன?"

"நடுவுல நிறுத்தக் கூடாது. ஈரம் காயறதுக்குள்ள அடுத்ததைச் சேக்கணும். இல்லன்னா ஒட்டு தெரியும்." அவர் குனிந்து தட்டில் ரோலரை உருட்டினார்.

"விடுங்க. பொட்டியைக் கட்டுன்னு சொல்லப் போறா. யார் வீட்டுச் சுவருக்கு அடிக்கிறீங்க?"

"பாதியில விட்டுட்டுப் போனா அந்தம்மா கூப்பிடுற அடுத்த ஆள் என்ன நினைப்பான்?"

அவர் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். வைத்த காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மகன் கூட வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவர் போனதில்லை. ரோலர் கீழிருந்து மேலே போயிற்று, மேலிருந்து கீழே வந்தது. பெரிய எண்ணெய் வட்டம் மறைந்தது. சின்னது மறைந்தது. தோள் வலித்தது. மூட்டை தூக்கின தோளுக்கு இந்த வேலை மறந்திருந்தது. மூச்சுவிடும்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகைதான் என்று மாமியாருக்குத் தெரியும். தெரிந்ததால் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மருமகள் மேலே வந்து கதவருகில் நின்றாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மாமனார், கையை நிறுத்தாமல்.

"அழுதாங்க மாமா."

"கோபமா?"

"ரெண்டும். 'என்கிட்ட உக்காந்து அவ்வளவு நேரம் சிரிச்சியேடி'ன்னாங்க. அழுதுகிட்டேதான் கேட்டாங்க, 'அப்ப வாடகை யார் குடுப்பா'ன்னு."

மாமனாருக்கு அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போயிற்று. "நீ என்ன சொன்ன?"

"நான் குடுப்பேன்னேன். இத்தனை நாளும் நான்தானே பாத்துக்கிறேன்னேன். அவங்க அண்ணன்கிட்டப் போன்ல கேட்டுட்டு வர்றேன்னு உள்ள போயிருக்காங்க."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டிலைப் பற்றியும் கதவைப் பற்றியும் பேசின பேச்சு இருவருக்கும் நடுவில், யாரும் பெருக்கி எடுக்காத குப்பையாகக் கிடந்தது.

மாமனார் வலது மூலைக்குப் போய்ச் சேர்ந்தார். எதிரே யாரும் வரவில்லை. அந்த மூலையில் ரோலரைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் நின்றார்.

"ஒட்டு தெரியுதா?" என்று தரையில் இருந்தபடி மாமியார் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மருமகள் இரண்டடி பின்னால் போய், ஜன்னல் வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை, சுவரின் நடுவில், ஒரு கோடு.

"தெரியுது அத்தை."

"இன்னொரு கோட்டிங் அடிச்சா மறைஞ்சிடும்" என்றார் மாமனார். "அது நல்லாக் காயணும். நாளைக்குத்தான் அடிக்க முடியும்."

நாளைக்கு இந்த வீட்டுக்குள் யார் விடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கீழே போன் பேச்சு நின்றது. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது, வயதானவர்கள் ஏறுவதுபோல ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

மாமியார் சுவரைப் பிடிக்காமல், கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். முகத்தில் இருந்த ஒட்டடையைத் துடைத்தாள். மருமகளைத் தாண்டிப் போய், அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"அத்தை, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க எதுவும்..."

"நீ பின்னால போ. நாலுன்னு சொன்னவ நான்தான். திட்டு வாங்குறதும் நான்தான்."

செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. மாமியாரின் உதடுகள் பிரிந்தன. ஒரு வார்த்தை அங்கே வரைக்கும் வந்து நின்றது. மகனைப் பற்றி இத்தனை நாளும் அவள் தன் வாயால் சொல்லாத வார்த்தை. உதடுகள் ஒருமுறை மூடின. மறுபடி பிரிந்தன.

கதவில் நிழல் விழுந்தது.